வெண்கரடியின் ஈரல்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தமிழ் மக்கள் பலகாலும் எடுத்தாளும் முதுமொழி. பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வேண்டுவோனை இம்மொழி கூறித் தடுப்பர்; மருந்தை இருமடங்காகக் குடித்தால் நோய் இருமடங்கு விரைவில் நீங்கும் என்று எண்ணுவோனையும் இதனைக் கூறியே தடுப்பர். ஆயின், அந்த அளவு யாது என்று கேட்டால் முதுமொழி விடை தருவதில்லை. எந்த அமிர்தம், எத்தனை கிராம், யாருடைய உடலில், எத்தனை நாளில் நஞ்சாகும் என்பதை அளந்து கூறும் பொறுப்பு விஞ்ஞானத்துக்கு உரியது. விற்றமின்களைப் பொறுத்தவரை அந்த அளவு புலப்படுவதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகள் சென்றன. அதற்குச் சான்றாக நின்றது உலகின் வடமுனையில் வாழும் வெண்கரடியின் ஈரல்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே கீழைத்தேயங்களுக்குச் செல்லும் கடல்வழி போர்த்துக்கேயரின் கையில் இருந்தது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவரும் அவ்வழியில் அவர்களோடு மோதாமல், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வடக்கேயுள்ள பனிக்கடலினூடாகச் சீனத்தையும் வாசனைத் திரவியத் தீவுகளையும் அடைதல் கூடுமோ என ஒல்லாந்தர் ஆராயத் தலைப்பட்டனர். 1594இலும் 1595இலும் அனுப்பப்பட்ட கப்பல்கள் பனிக்கட்டியால் தடுக்கப்பட்டுத் திரும்பின. மூன்றாம் பயணம் 1596ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு கப்பல்களுடன் தொடங்கியது. ஒரு கப்பலுக்கு யான் றைப் என்பார் தலைவர். மற்றதற்கு யாக்கோப் வான் ஹீம்ஸ்கேர்க் தலைவர். ஹீம்ஸ்கேர்க்கின் கப்பலில் வழிகாட்டியாகச் சென்றவரே வில்லெம் பாரென்ற்ஸ். பாரென்ற்ஸ் கடல் என இன்று தேசப்படங்களிற் காணப்படும் பெயர் இவருடையதே.

இரு கப்பல்களும் வழியிற் பிரிந்தன. ஹீம்ஸ்கேர்க்கின் கப்பல் நோவாயா செம்லியா என்னும் தீவின் வடகிழக்குக் கரையிலே, வட அகலக்கோடு 76 பாகையளவில், ஆகஸ்து மாத இறுதியிற் பனிக்கட்டியுள் அகப்பட்டுக்கொண்டது. பனி இறுக இறுகக் கப்பலின் மரங்கள் பிளக்கும் ஓசை கேட்டது. அவ்விடத்திலேயே குளிர்காலத்தைக் கழிப்பதன்றி வேறு வழியில்லை என உணர்ந்த பதினேழு பேரும், கடல் கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மரங்களையும் கப்பலின் பலகைகளையும் கொண்டு ஒரு வீடு கட்டினர். வேலை முடியுமுன்னரே தச்சன் இறந்தான். ஏனையோர் அந்த வீட்டினுள்ளே சூரியனைக் காணாத வாரங்கள் பலவற்றைக் கழித்தனர். சுவரின் உட்புறத்தில் பனி உறைந்தது. படுக்கையிலும் பனி உறைந்தது. பொறிவைத்துப் பிடித்த வெண்ணரிகளின் புதிய இறைச்சி அவர்களுக்கு ஓரளவு வலிமை தந்தது. ஆயினும், ஸ்கேவி நோய் ஒவ்வொருவரையும் பற்றத் தொடங்கியிருந்தது.

அந்நாட்களில் நிகழ்ந்தவற்றைக் கெறிற் டி வேர் என்னும் கப்பல் அலுவலர் நாட்குறிப்பாக எழுதினார். 1597ஆம் ஆண்டு மே மாத முடிவில், புறப்படுவதற்காகப் படகுகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த வேளையில், ஒரு வெண்கரடி அவர்களை நோக்கி வந்தது. அதனைச் சுட்டுக் கொன்றனர். அதற்கு முன்னரும் அவர்கள் கரடிகளைக் கொன்றிருந்தனர். கொழுப்பை உருக்கி விளக்கெரித்தனர். இம்முறை அதன் ஈரலைச் சமைத்து உண்டனர். சுவை நன்றாகவே இருந்தது என்கிறது நாட்குறிப்பு. பின்னர் அனைவரும் நோயுற்றனர். மூவருடைய நிலை மிக மோசமாயிற்று. அவர்கள் பிழையார் என்றே ஏனையோர் அஞ்சினர். அம்மூவருக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்து விழுந்தது. அவர்கள் எப்படியோ தேறி எழுந்தனர். அடுப்பில் எஞ்சியிருந்த ஈரலைத் தலைவர் பாத்திரத்தோடு எடுத்துச் சென்று வெளியே கொட்டினார். அக்கரடி உயிரோடிருந்து செய்யக்கூடிய தீங்கிலும் இறந்து செய்த தீங்கே பெரிது என்பது டி வேர் கூறும் கருத்து.

யூன் 14ஆம் நாள் அவர்கள் இரு திறந்த படகுகளிற் புறப்பட்டனர். ஆறு நாட்களின் பின் பாரென்ற்ஸ் இறந்தார். பன்னிருவர் மட்டுமே அவ்வாண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாள் ஆம்ஸ்ரடாமை மீண்டும் அடைந்தனர். அவர்கள் ஊர் திரும்புவதற்கு முன்னரே வேறொரு ஒல்லாந்தக் கப்பற் கூட்டம் ஆபிரிக்காவைச் சுற்றி யாவா வரை சென்று திரும்பிவிட்டமையால் வடக்கு வழியின் தேவையும் குறைந்துபோயிற்று. தென்வழியே வந்த ஒல்லாந்தருள் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி மன்னனைக் கண்டதும், அதன்பின் இலங்கை வரலாறு சென்ற திசையும் இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

டி வேரின் நூல் 1598இல் வெளிவந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது. அதிற் கூறப்பட்ட சிலவற்றைக் கற்றோர் நம்ப மறுத்தனர். குறிப்பாக, வான சாத்திரக் கணக்கின்படி சூரியன் தோன்ற வேண்டிய நாளுக்கு ஏறக்குறைய இரு வாரங்களின் முன்னரே, சனவரி 24இல், அதன் விளிம்பைக் கண்டதாக அவர் எழுதியமை நகைப்புக்கு இடமாயிற்று. குளிர்ந்த காற்றுப் படைகளினூடே ஒளி வளைந்து வருவதால் அவ்வாறு தோன்றக்கூடும் என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. 1871இல் எல்லிங் கார்ல்சென் என்னும் நோர்வே மாலுமி அந்த வீட்டை அதே இடத்திற் கண்டார்; உள்ளே சமையற் பாத்திரங்களும் மணிக்கூடும் நூல்களும் கிடந்தன. ஆகவே, டி வேர் கண்டதைக் கண்டபடி எழுதியவர் என்று கொள்வதில் தடையில்லை. தோல் உரிந்த செய்தியும் அவ்வகையினதே.

வடமுனைப் பகுதிகளிலே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் இனுவிற் மக்களுக்கு, அதாவது முன்னாளில் எஸ்கிமோவர் என அழைக்கப்பட்டவர்களுக்கு, இச்செய்தி புதியதன்று. வெண்கரடியின் இறைச்சியை உண்பர், கொழுப்பை உண்பர், தோலை ஆடையாக்குவர். ஈரலை மட்டும் உண்ணார். தம் நாய்களுக்கும் கொடார். காரணம் கேட்டால் அது நோய் தரும் என்பதே விடை. அவ்விடை எத்தனை தலைமுறைகளின் துன்பத்தால் வந்தது என்பதைக் கணக்கிட எவராலும் இயலாது.

வெளியிலிருந்து வந்தோர் பலர் இதனைப் பழங்குடியினரின் வீண் அச்சம் எனத் தள்ளினர். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் எலிசா கென்ற் கேன் அவர்களுள் ஒருவர். 1853 முதல் 1855 வரை கிறீன்லாந்தின் மேற்குக் கரையிலே பனியாற் சிறைப்பட்டிருந்த ஆய்வுக் குழுவுக்கு இவரே தலைவர். கரடியீரல் நஞ்சு என்னும் பேச்சை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் அதனை உண்டார்; தோழர்களுக்கும் அதனை விருப்பான உணவாக்கினார். சிலமுறை தீங்கொன்றும் நேரவில்லை. பின்னர் ஒருநாள் இரவு ஒரு கரடிக்குட்டியின் ஈரலை உண்டார். மறுநாள் தலைசுற்றலும் வயிற்றோட்டமும் அவரை வாட்டின. சுவையானது எப்போதும் பாதுகாப்பானதன்று என அவரே தம் நூலில் ஒப்புக்கொண்டார். கற்ற மருத்துவர் ஒருவர் தம் தவற்றை இவ்வாறு வெளிப்படையாக எழுதியமை பாராட்டத்தக்கது. ஆயினும் காரணம் யாது என்பது அவருக்கும் புலப்படவில்லை.

புலப்படாமைக்கு ஏதுக்கள் இருந்தன. உண்டோர் அனைவரும் ஒரே அளவில் நோயுறவில்லை. ஒரே மனிதன் ஒருமுறை நோயுற்று மறுமுறை சுகமாக இருந்தான். கரடிக்குக் கரடி ஈரலின் தன்மை வேறுபட்டது. உண்ட அளவும் வேறுபட்டது. பெரும்பாலோர் சில நாட்களிற் குணமடைந்தமையாற் பயணக் கதைகளில் ஒரு வரியுடன் செய்தி முடிந்துவிட்டது. கிறீன்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு 1906 முதல் 1908 வரை சென்ற டேனிஷ் குழுவில் இந்நோய் ஏற்பட்டபோது, உடன் சென்ற மருத்துவர் லிண்ட்ஹார்ட் நோய்க்குறிகளைக் கவனமாகப் பதிந்தார். கடுந்தலைவலி, சோம்பல், வாந்தி, சில நாட்களின் பின் தோலுரிதல் ஆகியவை அவை. அப்போதும் நஞ்சின் பெயர் தெரியவில்லை. எல்லோரும் ஈரலில் ஒரு தீய பொருளைத் தேடினர். நன்மையான பொருளே இத்தீங்கைச் செய்யக்கூடும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. அந்நன்மையான பொருளை அன்று எவரும் அறிந்திருக்கவுமில்லை.

அப்பொருளின் வரலாறு வேறொரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மாலைக்கண் நோய்க்கு ஈரல் மருந்து என்பதைப் பண்டைய எகிப்தியரும் கிரேக்கரும் அறிந்திருந்தனர். காரணம் அறியாத அந்த அனுபவ அறிவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்படியே நின்றது. 1912இல் போலந்தில் பிறந்த கசிமிர் பங்க், உயிர்வாழ்வுக்குச் சிறிய அளவில் இன்றியமையாத உணவுப் பொருள்களுக்கு விற்றமின் என்னும் பெயரைச் சூட்டினார். மறு ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மக்கொலமும் மார்கரெற் டேவிசும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். பன்றிக் கொழுப்பையோ ஒலிவ எண்ணெயையோ பெற்ற எலிகளின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றது. வெண்ணெய்க் கொழுப்பையோ முட்டை மஞ்சட் கருவின் சாரத்தையோ சேர்த்தவுடன் அவை மீண்டும் வளர்ந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் ஒஸ்போணும் மெண்டெலும் அதே ஆண்டிற் கண்டதும் இதுவே. கொழுப்பிற் கரைந்திருக்கும் அப்பொருள் பின்னர் விற்றமின் ஏ எனப்பட்டது. சூரிச் நகரத்து இரசாயன அறிஞர் போல் கரெர் 1931இல் அதன் அமைப்பை வகுத்துக் காட்டி, 1937இல் நோபல் பரிசில் பங்குபெற்றார்.

இப்பொருள் இன்மையால் விளையும் கேட்டை முதல் உலகப் போர்க் காலத்து டென்மார்க் கண்கூடாகக் கண்டது. வெண்ணெய் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாக, ஏழைக் குழந்தைகள் கொழுப்பு நீக்கிய பாலையும் தாவரக் கொழுப்பாலான மாகரீனையும் உண்டு கண்பார்வை இழந்தனர். அங்கு குழந்தை மருத்துவராக இருந்த கார்ல் புளொக் முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுத்து அந்நோயைத் தடுக்கலாம் எனக் காட்டினார். விற்றமின்கள் வந்த காலம் நம்பிக்கையின் காலம். அவற்றை எவ்வளவு கூடுதலாக உண்கிறோமோ அவ்வளவு நன்மை என்று மக்கள் நினைத்தனர். வணிகரும் அந்நினைப்பை வளர்த்தனர். யப்பானிலே தக்காகாசியும் அவருடன் ஆராய்ந்தோரும் விற்றமின் ஏயின் செறிவை எலிகளுக்கு மிகையாகக் கொடுத்தபோது அவை நோயுற்று மாண்டதை 1925இலேயே எழுதியிருந்தனர். அச்செய்தியை உடனே பொருட்படுத்தியோர் சிலரே.

இரு செய்திகளையும் இணைத்தவர் நோர்வே நாட்டு உடற்றொழிலியலாளர் கோரெ றொடால். 1939-40ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைக் கிறீன்லாந்தின் வடகிழக்கிற் கழித்த அவர், வெண்கரடி ஈரலைப் பற்றிய வேட்டைக்காரரின் பேச்சை அங்கே கேட்டார். அவர் அதனைப் புறந்தள்ளவில்லை. ஆராய்ச்சிக்கு உரிய செய்தியாகக் கொண்டார். கேம்பிரிட்ஜில் விற்றமின் ஏயை ஆராய்ந்து புகழ்பெற்ற தோமஸ் மூருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை 1943இல், உலகப் போரின் நடுவில், வந்தது. வெண்கரடி ஈரலின் ஒவ்வொரு கிராமிலும் 13,000 முதல் 18,000 வரையான அனைத்துலக அலகு விற்றமின் ஏ இருப்பதை அவர்கள் கண்டனர். ஈரலை உண்ட எலிகளுக்கு நேர்ந்ததும், விற்றமின் ஏயை மட்டும் மிகையாக உண்ட எலிகளுக்கு நேர்ந்ததும் ஒத்திருந்தன. றொடால் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிகளை 1949இல் நோர்வேயில் நூலாக வெளியிட்டார். ஈரலில் மறைந்திருந்த தீய பொருள் என ஒன்றில்லை. குழந்தைகளின் கண்ணைக் காக்கும் அதே பொருள்தான் மாலுமிகளின் தோலை உரித்தது. இனுவிற் மக்களின் சொல் அன்றுதான் ஆய்வுகூடத்தின் ஒப்புதலைப் பெற்றது.

இந்த எண்களின் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் அனைத்துலக அலகு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்குரோகிராமில் 0.3 ஆகும். வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 900 மைக்குரோகிராம், பெண்ணுக்கு 700. ஒரு கிராம் கரடியீரலில் 15,000 அலகு எனக் கொண்டால் அது 4,500 மைக்குரோகிராம், அதாவது ஓர் ஆணின் ஐந்து நாள் தேவை. பாரென்ற்ஸின் தோழர்களைப் போலப் பசித்தவர் ஒரே வேளையில் நூறு கிராம் உண்பது எளிது. ஐந்நூறு நாட் தேவையை அவர் அவ்வேளையில் உட்கொள்கிறார்.

நீரிற் கரையும் விற்றமின்களாயின் மிகையானது பெரும்பாலும் சிறுநீருடன் கழியும். விற்றமின் ஏ அவ்வாறன்று. அது கொழுப்பிற் கரைவது. உடல் அதனை வெளியேற்ற விரைவதில்லை. ஈரலிலே சேமித்து வைக்கும். பனிக்கடலின் நுண்ணிய பாசிகள் ஆக்கும் மூலப்பொருளைச் சிற்றுயிர்கள் உண்டு விற்றமினாக மாற்ற, அவற்றை மீன் உண்ண, மீனைச் சீல் உண்ண, சீலைக் கரடி உண்ண, படிதோறும் விற்றமின் ஏ திரண்டு செறிகிறது. அத்தனையையும் தனக்குத் தீங்கின்றித் தன் ஈரற் கலங்களில் அடைத்து வைக்கும் ஆற்றலைக் கரடி பெற்றிருக்கிறது. மனிதனுடைய ஈரலுக்கு அவ்வாற்றல் இல்லை. அதன் கொள்ளளவு நிரம்பியபின் எஞ்சியது குருதியிற் கலந்து, மண்டையோட்டினுள் அழுத்தத்தை உயர்த்தித் தலைவலியையும் வாந்தியையும் உண்டாக்குகிறது; தோலின் கலங்கள் தம் ஒழுங்கை இழந்து உதிர்கின்றன.

இதே பொருள் மிகச் சிறிய அளவிற் செய்யும் நன்மைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர்களிலே நடத்தப்பட்டு 1990இல் வெளியிடப்பட்ட ஆய்விற் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு விற்றமின் ஏ கொடுக்கப்பட்டது. அதனைப் பெற்ற சிறுவரிடையே இறப்பு 54 வீதம் குறைந்திருந்தது. வாரம் ஒருமுறை கொடுத்த அந்த அளவு வெண்கரடி ஈரலில் ஏறத்தாழ அரைக் கிராமினுள் அடங்கும். உயிர்காத்த அளவுக்கும் தோலுரித்த அளவுக்கும் இடைப்பட்ட தூரம் அத்தகையது.

இவ்விளக்கம் கிடைத்தபின், அதுகாறும் வேறு காரணம் கூறப்பட்ட ஒரு மரணமும் மீள ஆராயப்பட்டது. 1911இல் டக்ளஸ் மோசன் என்னும் அவுஸ்திரேலியப் புவிச்சரிதவியலாளரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அந்தாட்டிக் கண்டத்துக்குச் சென்றது. மறு ஆண்டு நவம்பரில் அவரும், சுவிற்சலாந்துக்காரரான சேவியர் மேற்சும், ஆங்கில இளைஞரான பெல்கிறேவ் நின்னிசும் கிறீன்லாந்து நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். திசெம்பர் 14இல் பனியால் மூடுண்ட பெரும் பிளவொன்றினுள் நின்னிஸ் வண்டியோடும் நாய்களோடும் வீழ்ந்தார். அந்த வண்டியிலேதான் பெரும்பாலான உணவும் கூடாரமும் இருந்தன. கைவசம் இருந்த கயிறுகள் யாவும் ஆழத்தை எட்டவில்லை. மணிக்கணக்காகக் கூவி அழைத்தும் விடையில்லை. நண்பருக்காகச் சமயச் சடங்கின் சொற்களை ஓதிவிட்டு இருவரும் திரும்பினர். முகாம் முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. பத்து நாளுக்குச் சற்று மேற்பட்ட உணவும் மெலிந்த நாய்கள் ஆறும் எஞ்சியிருந்தன.

நாய்கள் ஒவ்வொன்றாக இறந்தும் கொல்லப்பட்டும் உணவாயின. தசை கடினமாயும் நாராயும் இருந்தது. ஈரல் மென்மையாய் இருந்தமையால் அதனை விரும்பி உண்டனர். திசெம்பர் முடியுமுன் மேற்ஸ் வயிற்று நோயால் வருந்தினார். உடையைக் களைந்தபோது காலிலிருந்து தோலும் மயிரும் உதிர்ந்தன. நாளடைவில் நடக்கும் வலிமை போயிற்று; சித்தம் தடுமாறியது. 1913ஆம் ஆண்டு சனவரி 8இல் அவர் இறந்தார். மோசன் தனியே நடந்தார். ஒருநாள் காலுறையைக் கழற்றியபோது அவருடைய உள்ளங்காற் தோல் தடித்த படையாகக் கழன்று வந்தது. அதனையே மீண்டும் காலில் வைத்துக் கட்டிக்கொண்டு நடையைத் தொடர்ந்தார். முகாமை அவர் அடைந்த பெப்ரவரி 8ஆம் நாள், சில மணி நேரத்துக்கு முன்னரே கப்பல் புறப்பட்டுவிட்டது. அவரைத் தேடுவதற்கென அறுவர் மட்டும் அங்கே தங்கியிருந்தனர்.

மேற்சின் இறப்புக்குப் பசியும் குளிரும் காரணம் என்றே அந்நாளிற் கருதினர். மோசன் 1958இல் இறந்தார். அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின், 1969இல், கிளீலண்ட், சவுத்கொற் என்னும் அவுஸ்திரேலிய மருத்துவர் இருவர் நாயீரலிலிருந்த விற்றமின் ஏயே அந்நோய்க்குக் காரணமாகலாம் என எழுதினர். அந்தாட்டிக்காவில் வைத்திருந்த அதே இன நாய்களின் ஈரலை அளந்தபோது அதிலும் விற்றமின் ஏ மிகுதியாக இருக்கக் காணப்பட்டது. கரடியைப் போலவே அந்நாய்களும் சீல் இறைச்சியில் வளர்ந்தவை. உண்ணக் கடினமான தசையைத் தாம் எடுத்துக்கொண்டு மென்மையான ஈரலை நோயுற்ற நண்பருக்கு மோசன் கூடுதலாகக் கொடுத்திருத்தல் கூடும் எனச் சிலர் ஊகித்தனர். அது உண்மையாயின் அன்பே அங்கு நஞ்சூட்டியது எனல் வேண்டும். ஆயின் அது ஊகமே. 2005இல் அதே மருத்துவ இதழில் வெளியான மற்றொரு கட்டுரை இம்முடிவை மறுத்தது: பட்டினியும் குளிரும் மனத்துயரும் பழகாத இறைச்சியுணவும் அந்நோயின் குறிகளை விளக்கப் போதுமானவை என அது வாதிட்டது. மேற்சின் உடல் பனியினுள் கிடக்கிறது. சோதித்துத் தீர்ப்பதற்கு இடமில்லை. கரடியீரலைப் பற்றிய தீர்ப்பைப் போல நாயீரலைப் பற்றிய தீர்ப்பு உறுதியானதன்று.

இனி, சீலும் கரடியும் இல்லாத நாடுகளில் வாழ்வோருக்கு எழக்கூடிய ஐயம் ஒன்று. முருங்கையிலை, பப்பாசி, மாம்பழம், பூசணி, கரட் முதலியன விற்றமின் ஏ நிறைந்தவை எனப் பாடசாலையிற் படிப்பிக்கிறார்களே, அவற்றை மிகுதியாக உண்டாலும் இத்தீங்கு நேருமோ? நேராது. தாவரங்களில் இருப்பது விற்றமின் ஏ அன்று. கரோட்டீன் என்னும் மஞ்சள் நிறப் பொருள். உடல் அதனை விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கிறது. இந்த மாற்றத்தை எலிகளிலே நிறுவியவரும் மேலே கண்ட தோமஸ் மூரே. உடலில் விற்றமின் ஏ போதியதாக இருக்கும்போது மாற்றம் குறைகிறது. மாறாத கரோட்டீன் தோலின் அடியிலே தங்குகிறது. கரட்டை நாள்தோறும் அளவின்றி உண்போரின் உள்ளங்கை மஞ்சளாவது அதனாலேயே. அதனைக் காமாலை என எண்ணி அஞ்சியோர் உண்டு. காமாலையிற் கண்ணின் வெண்மையும் மஞ்சளாகும், இதில் ஆகாது. 1919இல் ஹெஸ், மையர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இந்நிலையை விளக்கி எழுதினர். உணவைக் குறைத்தால் நிறம் தானே நீங்கும்.

விற்றமின் டீயின் கதை சற்று வேறானது. போர்க்காலப் பிரித்தானியாவிலே கணைநோயைத் தடுக்கும் பொருட்டுக் குழந்தைகளின் பால்மாவில் அரசு விற்றமின் டீயைச் சேர்ப்பித்தது. தானியமாக்களிலும் அது சேர்க்கப்பட்டது. அதற்குமேல் மீனெண்ணெயும் கொடுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தனியே நோக்கத் தக்க அளவுடையதே. மூன்றும் ஒரே குழந்தையின் வயிற்றிற் சேரும் என்பதை எவரும் கூட்டிப் பார்க்கவில்லை. 1950களின் முற்பகுதியிற் குழந்தைகள் சிலர் குருதியிற் கல்சியம் மிகுந்து, உணவு மறுத்து, மெலிந்தனர். 1957இல் சேர்க்கும் அளவு குறைக்கப்பட்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரே உணவை உண்ண ஒரு சிலர் மட்டும் ஏன் நோயுற்றனர் என்ற கேள்வி நெடுங்காலம் நின்றது. விற்றமின் டீயைச் சிதைக்கும் நொதியத்தைப் பிறப்பிலேயே குறைவாகப் பெற்ற குழந்தைகள் உண்டு என்பதை 2011இல் வெளியான பரம்பரையியல் ஆய்வு காட்டியது.

சந்தையிற் கிடைக்கும் ஆட்டீரலும் மாட்டீரலும் வெண்கரடி ஈரலுடன் ஒப்பிடத்தக்கவை அல்ல. வளர்ந்த ஒருவர் எப்போதாவது ஒருமுறை உண்பதால் தீங்கு வருவதில்லை. நாள்தோறும் பெருமளவில் உண்பதும், அதனுடன் விற்றமின் மாத்திரைகளையும் சேர்ப்பதும் வேறு. கருவுற்ற தாய்மாரைப் பொறுத்தவரை எச்சரிக்கை மேலும் வேண்டும்; மிகையான விற்றமின் ஏ கருவின் உறுப்பமைப்பைக் குலைக்கக்கூடியது. கால்நடைத் தீவனத்தில் விற்றமின் ஏ சேர்க்கப்படுவதால் பண்ணை விலங்குகளின் ஈரலில் அதன் அளவு உயர்ந்திருப்பதைக் கண்ட பிரித்தானியச் சுகாதாரப் பகுதி, கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் ஈரலையும் ஈரலாற் செய்த பண்டங்களையும் விற்றமின் ஏ கொண்ட மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும் என 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் அறிவித்தது. கீரைகளும் மஞ்சட் பழங்களும் அவ்வறிவித்தலால் விலக்கப்படவில்லை.